பெரிய டொக்டர் வளர்த்த ஸ்கேன் நிலையம்

எங்கள் ஸ்கேன் நிலையத்தைத் தனி ஆளாக நின்று வளர்த்தது தான்தான் என்று பெரிய டொக்டர் இன்றைக்கும் மேடைகளில் சொல்லிவருவதாகக் கேள்விப்படுகிறேன். சொல்லட்டும். வாயும் அவருடையது, கட்டடமும் அவருடையது. நான் அங்கே ஒன்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். அந்த இடத்தை விட்டு வெளியே போன ஒவ்வொரு ரிப்போர்ட்டும் என் விரல்களைத் தாண்டித்தான் போனது. அதனால் அந்த வளர்ச்சியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

கெலிஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தார். கண்டி டவுனில் டைப்பிங் படித்து, ஒரு வருஷம் அங்கும் இங்கும் மனுப் போட்டுச் சலித்த பிறகு டவுனிலேயே இந்த வேலை கிடைத்தது. கீழே பெரிய டொக்டரின் குடும்பத்துப் புடவைக்கடை. பக்கத்துப் படியேறினால் நிலையம். ஒரு மெஷின், ஒரு கட்டில், நோயாளிகள் உட்கார இரண்டு வாங்கு, எனக்கு ஒரு மேசை. அவ்வளவுதான்.

பெரிய டொக்டர் பொதுவைத்தியர். காய்ச்சலுக்கும் சீனி வியாதிக்கும் மருந்து எழுதுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கேன் படத்தில் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருந்தால் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். மெஷின் வாங்கினால் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று நம்பியவர். வரவில்லை. வாங்குகளில் பாதி நாள் கடைப் பெண்கள்தான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கு அவர் கண்ட வழி விருந்து. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஹோட்டலில் வெளியூர் டொக்டர்மாரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அழைப்பிதழ்களை டைப் செய்தவள் நான். 'நமது வைத்தியக் குடும்பம்' என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். டொக்டர்மார் வந்தார்கள், சாப்பிட்டார்கள், 'நைஸ் ப்ளேஸ்' என்றார்கள், போய்விட்டார்கள். பிறகு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். பிலிமத்தலாவை, கடுகண்ணாவை, கெலிஓயா என்று ஒரு டிஸ்பென்சரி பாக்கியில்லாமல் நிலையத்தின் பெயர் போட்ட கடிகாரம். இரண்டு மாதத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவை நின்றுபோயின. ஊரெல்லாம் எங்கள் பெயர், ஊரெல்லாம் தவறான நேரம்.

ஸ்கேன் பார்க்க முதலில் இரண்டு மூன்று பேர் வந்து வந்து போனார்கள். ஒருவரும் தங்கவில்லை. அப்புறம்தான் டொக்டரம்மா வந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டொக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். வந்த முதல் நாளே என் டைப்ரைட்டரை ஸ்கேன் அறைக்குள்ளேயே தூக்கி வைக்கச் சொன்னார்.

"நான் பாக்கேக்க சொல்லுவன். நீர் அப்பவே அடியும். பிறகெண்டா எனக்கும் மறந்துபோம், உமக்கும் மறந்துபோம்."

"சரிங்க டொக்டர்."

"'சரிங்க' எண்டு இழுக்காதையும். ஓம் எண்டும், இல்லாட்டி இல்லையெண்டும்."

முதல் ஆறு மாதம் எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. நான் பேசும் தமிழ் அவருக்கு வேடிக்கை. என் இங்கிலீஷ் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, நோயாளிகள் முன்னாலேயே மேசையில் போடுவார். தோட்டத்துப் பிள்ளை என்றதும் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்லவேண்டும் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். நல்ல மனுஷி என்று அவரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. வேலை தெரிந்தவர் என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நோயாளி கொண்டுவரும் கடிதத்தை நான் உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காமல் அவர் மெஷினைத் தொடமாட்டார். அந்தக் காலத்தில் கடிதம் என்றால் என்ன? டிஸ்பென்சரிச் சீட்டில் 'வயிறு ஸ்கேன்' என்று இரண்டு வார்த்தை, கீழே ஒரு கிறுக்கல். அதை வாசித்ததும் டொக்டரம்மா டெலிஃபோனை எடுப்பார்.

"வயிறு ஸ்கேன் எண்டு அனுப்பியிருக்கிறீர். வயித்துக்க என்னத்தைத் தேடச் சொல்லுறீர்? நோவு எங்க? எத்தினை நாளா? உமக்கு என்ன சந்தேகம்?"

அந்தப் பக்கம் இருப்பவர் ஹோட்டலில் பெரிய டொக்டரோடு உட்கார்ந்து இறால் சாப்பிட்டவர். இப்படிக் கேள்வி கேட்டால் அவருக்குப் பொறுக்குமா? உடனே பெரிய டொக்டருக்கு ஃபோன் போகும். பெரிய டொக்டர் கீழே கடையிலிருந்து மூச்சு வாங்க ஏறி வருவார்.

"அம்மா, அவங்க நம்ம கெஸ்ட். கெஸ்ட்கிட்ட இப்படியெல்லாம் கேக்கலாமா?"

"அவர் உங்கட கெஸ்ட். எனக்கு அவர் டொக்டர். என்ன சந்தேகமெண்டு தெரியாம நான் பாத்தா, படம்தான் பாப்பன். நோயைப் பாக்க மாட்டன்."

இவர் ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். தாங்கக்கூடாது என்றுகூட ஆசைப்பட்டேன்.

அந்த நேரத்தில்தான் கடுகண்ணாவை டொக்டர் ஒரு நடுவயது அம்மாளை அனுப்பியிருந்தார். முஸ்லிம் டொக்டர், கண்டி ரோட்டிலேயே சின்ன டிஸ்பென்சரி. சீட்டில் 'வலது பக்க வயிற்று வலி, கல் இருக்கிறதா' என்று இருந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய கடிதம். அந்த அம்மாள் கட்டிலில் படுத்ததும், டொக்டரம்மா கையில் எடுத்த கருவியை வைக்காமல் அப்படியே நின்றார்.

"லைட்டைப் போடும்," என்றார் என்னிடம்.

போட்டேன். அந்த அம்மாளின் சட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். முதுகிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு பட்டை போலச் சிவந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"இது எப்ப வந்தது?"

"இன்னைக்குக் காலைல தாங்க பாத்தேன். வேர்க்குருன்னு நெனச்சேன்."

"இது அக்கி. ஸ்கேன் தேவையில்லை. எழும்பும்."

மூன்று வரியில் கடிதம் ஒன்று தன் கையாலேயே எழுதி, ஸ்கேன் எடுக்காமலே அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். கீழே விஷயம் தெரிந்ததும் பெரிய டொக்டர் மேலே வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த நோயாளியைத் திருப்பி அனுப்பும் ஒரு நிலையத்தைத் தான் உலகத்திலேயே கண்டதில்லை என்றார். கடுகண்ணாவைப் பக்கம் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். டொக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடும்," என்றார் என்னிடம்.

மறுநாள் கடுகண்ணாவை டொக்டர் ஃபோன் செய்தபோது எடுத்தது நான். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"அந்த டொக்டரம்மாட்ட குடுங்க மகள்."

ரிசீவரைக் கொடுத்தேன். அந்தக் குரல் எனக்கும் கேட்கும் அளவுக்குப் பெரிய குரல். "நான் சட்டைய ஒசத்திப் பாக்கல்ல டொக்டர். எனக்கு வெக்கமா இரிக்கி. இனி பாத்துட்டுத்தான் அனுப்புவன்."

"ஓம். பாத்துப்போட்டு அனுப்பும்," என்று சொல்லிவிட்டு டொக்டரம்மா ஃபோனை வைத்துவிட்டார். நன்றி என்று ஒரு சொல் இல்லை, பெருமையும் இல்லை. எனக்கு அன்றைக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த கடிதத்தை நான் கொஞ்சம் கவனமாக வாசித்தேன்.

அதற்குப் பிறகுதான் வளர்ச்சி என்று சொல்கிறார்களே, அது தொடங்கியது. கடுகண்ணாவை டொக்டர் பக்கம் நிறைய எழுத ஆரம்பித்தார். அவர் மற்ற டொக்டர்மாரிடம் என்ன சொன்னாரோ, பிலிமத்தலாவையிலிருந்தும் நீளமான கடிதங்கள் வந்தன. 'அந்த அம்மா கண்டதைக் கண்டபடி சொல்லும், காணாததைக் காணவில்லை என்று சொல்லும்' என்பது டொக்டர்மார் நடுவில் பேச்சாயிற்று. ஆபரேஷன் ஆன நோயாளிகளின் டொக்டர்மாருக்கு அவரே ஃபோன் செய்து, "நான் சொன்னது சரியோ பிழையோ?" என்று கேட்பார். பிழையென்றால் கொப்பி ஒன்றில் எழுதுவார். தன் பிழைகளை இப்படிக் கொப்பி போட்டு எழுதிவைக்கிற இன்னொரு டொக்டரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வாங்குகள் போதவில்லை. ஆட்கள் படிகளில் உட்கார்ந்தார்கள். கடைப் பெண்கள் சாப்பாட்டுப் பார்சலோடு கீழேயே நின்றுகொண்டார்கள். இரண்டாவது மெஷின் வந்தது, எக்ஸ்ரே வந்தது, பக்கத்துக் கட்டடத்துச் சுவர் இடிபட்டது. அவசரமாகப் போகிற ஆட்களுக்கு வழிவிடச் சொல்லிப் படியில் நிற்பதற்கென்றே ஒரு காவலாளி போட்டார்கள்.

பெரிய டொக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? விருந்தின் பலன் என்று தெரிந்தது. 'சாப்பாடு போட்டா வீண் போகாதுன்னு சொன்னேனில்ல' என்று என்னிடமே சொன்னார். விருந்துகளை இரட்டிப்பாக்கினார்.

பிறகு வைத்தியர்களின் கூட்டம் ஒன்றில் பேச அவரை அழைத்தார்கள். தலைப்பு 'ஒரு ஸ்கேன் நிலையத்தை வளர்ப்பதில் வைத்தியரின் பங்கு'. பதினொரு பக்க இங்கிலீஷ் பேச்சு. அவர் சொல்லச் சொல்ல டைப் செய்தவள் நான். தொலைநோக்கு வந்தது, சகோதரத்துவம் வந்தது, ஹோட்டல் மெனுவைத் தவிர எல்லாம் வந்தது. டொக்டரம்மா வரவில்லை. ஏழாம் பக்கத்தில் நானாகவே ஒரு வரி சேர்த்தேன், 'எமது ஸ்கேன் வைத்தியர் ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்த பிறகே பரிசோதனை செய்கிறார்' என்று. அவர் வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனாவால் அடித்தார்.

"இது டீடெய்ல்மா. மேடைக்கு டீடெய்ல் ஒத்துவராது."

கூட்டத்திலிருந்து ஒரு நினைவுச் சின்னத்தோடு வந்தார். பளபளவென்று, கண்ணாடியில். வாசலில் வைத்தார்கள். அதைத் துடைக்கும் வேலை துப்புரவு செய்யும் அக்காவுக்குக் கூடுதலாகச் சேர்ந்தது.

மேடையில் பேசிவிட்டு வந்தவருக்கு நிலையம் இன்னும் பெரிதாக வளர வேண்டியிருந்தது. அதற்குத் தடையாக இருந்தது டொக்டரம்மாவின் வேகம். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேல் பார்க்கமாட்டார். கொழும்பில் ஒரு டொக்டர் காலையிலேயே ஐம்பது பேர் பார்க்கிறார் என்று யாரோ விருந்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பெரிய டொக்டர் பழத்தட்டோடு ஸ்கேன் அறைக்கு வந்தார்.

"அம்மாவுக்கும் வயசாகுது. ரெஸ்ட் வேணாமா?"

"எனக்கு ரெஸ்ட் வேணுமெண்டு ஆர் சொன்னது?"

"நாங்க எல்லாரும் கவலைப்படுறோம்."

"கவலைப்படுறவை பழம் கொண்டருவினம்தான். ஆனா எண்டைக்கு முடிக்கிறது எண்டதையும் சொல்லிப்போட்டுப் போங்கோ."

மாதக் கடைசி என்றார் பெரிய டொக்டர், பழத்தட்டைப் பார்த்தபடி. மாதக் கடைசியில் டொக்டரம்மா தன் கொப்பியையும் குடையையும் எடுத்துக்கொண்டார். பிரியாவிடை, மாலை, ஃபோட்டோ ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து, "அந்தக் கட்டிலின்ர கால் ஆடுது. ஆரும் விழமுதல் திருத்தச் சொல்லும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

புது டொக்டர் கொழும்பிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் வந்தார். இளவயது, நல்ல வாசனை, காலில் நல்ல சப்பாத்து. கோபமே வராது. கடிதத்தை நான் வாசிக்கத் தொடங்கிய முதல் நாள், கையைக் காட்டி நிறுத்தினார்.

"தேவையில்லை மிஸ். நமக்குத்தான் மெஷின் இருக்கே."

அப்போது கம்ப்யூட்டரும் வந்திருந்தது. அவர் எனக்கு மூன்று ரிப்போர்ட்டுகளை முழுதாக அடித்துச் சேமித்து வைக்கச் சொன்னார். ஒன்று, எல்லாம் நோர்மல். இரண்டு, ஈரலில் கொழுப்பு. மூன்று, பித்தப்பையில் கல். பிறகு நான் அறைக்குள் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. வெளியே என் மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். உள்ளேயிருந்து "வன்" என்று சத்தம் வரும். ஒன்றாம் ரிப்போர்ட்டில் பெயரையும் வயதையும் மாற்றிக் கொடுப்பேன். "டூ" என்றால் இரண்டாவது. கண்டி மாவட்டத்து வயிறுகள் அத்தனையும் மூன்று தாளுக்குள் அடங்கிவிட்டன. இவற்றுக்குள் அடங்காத ஏதாவது வந்தால் அவர் எழுந்து வந்து தனியாகச் சொல்வார் என்று ஏற்பாடு. பெரும்பாலும் எழுந்து வரமாட்டார்.

நோயாளிகள் கொண்டுவந்த கடிதங்களை ஒரு ஃபைலில் போட்டுவைத்தேன். சில நாள் வாசிப்பேன், சில நாள் இல்லை. எனக்கும் வசதியாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. சிவப்பு மை இல்லை, திட்டு இல்லை, நான்கு மணிக்கு கெலிஓயா பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஒரு நாள் கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணும் புருஷனும் வந்தார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், கொழுந்து பறிக்கிறவள். கையில் கடுகண்ணாவை டொக்டரின் கடிதம். அவர் வழக்கம்போல் பக்கம் நிறைய எழுதியிருந்தார். நான் அதை ஃபைலில் போட்டேன். அவள் பெயரைச் சொல்ல என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் மஞ்சளாக இருந்தன. நன்றாகவே தெரிந்தது. டொக்டரம்மாவோடு இத்தனை வருஷம் அறைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு மஞ்சள் கண் என்றால் என்னவென்று தெரியாதா?

உள்ளே போனாள். மூன்று நிமிஷம் இருக்கும்.

"வன்."

ஒன்றாம் தாளில் அவள் பெயரைப் போட்டேன். கொடுத்தேன். அவர்கள் இங்கிலீஷ் தெரியாதவர்கள்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்று புருஷன் கேட்டான்.

"ஒண்ணும் இல்லையாம். எல்லாம் நோர்மல்."

அவன் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுத எனக்கு உரிமையில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கடுகண்ணாவை டொக்டர் ஃபோன் செய்தார். இந்த முறை அந்தப் பெரிய குரல் தாழ்ந்திருந்தது.

"சொல்லுங்க மகள், பித்தப்பை நோர்மல், கல் இல்ல எண்டு எழுதியிரிக்கிங்க. அந்தப் பொம்பளட பித்தப்பைய வெட்டி எடுத்து நாலு வருஷம். நான் காயிதத்தில தெளிவா எழுதித் தந்த. குழாய் வீங்கியிரிக்கா எண்டுதான் கேட்ட. நீங்க பாத்த பித்தப்பை எங்கிருந்து வந்திச்சி?"

அவரே மீதியைச் சொன்னார். நோர்மல் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்று புருஷன் அவளை அவரிடம் திரும்பக் கூட்டிப்போகவில்லை. நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் பத்து நாள் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்திருக்கிறாள். பதினோராம் நாள் குளிர்காய்ச்சலில் நடுங்கி மலையிலேயே விழுந்திருக்கிறாள். பித்தக் குழாயில் கல் அடைத்து, சீழ் பிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் கல்லை எடுத்திருக்கிறார்கள். உயிர் தப்பியிருக்கிறாள். இன்னும் வார்டில்தான் இருக்கிறாள்.

ஃபைலைத் தேடி அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். முதல் வரியே 'நான்கு வருடங்களுக்கு முன் பித்தப்பை அகற்றப்பட்டது' என்று இருந்தது.

பெரிய டொக்டர் அன்றைக்கு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரை காட்டி உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அதுவே முதல் தடவை.

"கடுகண்ணாவைக்கு ஒரு லெட்டர் போகணும்மா. டைப்பிங்ல வந்த மிஸ்டேக்னு. வேறொருத்தர் ரிப்போர்ட் மாறிப் போச்சுன்னு."

"மாறலீங்க டொக்டர். அவர் 'வன்' தான் சொன்னாரு."

"சொன்னாரு. இல்லேன்னு சொல்லல. ஆனா யார் மேலயாவது போகணுமில்ல? டொக்டர் மேல போனா நிலையத்தின் பேர் போயிடும். உன் மேல போனா ஒண்ணும் போகாது."

இதைவிட நேர்மையான ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னார், நான் அடித்தேன். 'எனது கவனயீனத்தால்' என்றார், அடித்தேன். ஒரு இடத்தில் அவர் சொன்ன இங்கிலீஷ் பிழையாக இருந்தது, அதையும் திருத்தி அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். என் மீதே குற்றம் எழுதிய கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. டொக்டரம்மா சிவப்பு மையால் பழக்கிய கை அல்லவா.

அந்தக் கடிதத்தோடு கடுகண்ணாவை டொக்டர் அடுத்த கிழமை நேரிலேயே வந்தார். அதுவரை குரலாக மட்டும் தெரிந்தவர். வெள்ளைத் தாடி, மெலிந்த உடம்பு, படியேறியதில் மூச்சு வாங்கியது. வாங்கில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. கடிதத்தை என் மேசையில் வைத்தார்.

"இது நீங்க எழுதினதா மகள்?"

"நான்தான் டைப் பண்ணினேன் டொக்டர்."

"அத நான் கேக்கல்ல."

ஸ்பீக்கரில் "டூ" என்று சத்தம் வந்தது. அவர் அந்த ஸ்பீக்கரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பெரிய டொக்டர் அறையிலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வெளியே வந்து, "வாங்க வாங்க டொக்டர், டீ சொல்லவா?" என்றார். கடுகண்ணாவை டொக்டர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஒருவரையும் அனுப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றுதான் போனேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து லயத்து அறையில் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், ஆனால் கண்கள் மஞ்சள் போய் வெளுத்துவிட்டன. புருஷன் என்னை அடையாளம் கண்டு, கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"அன்னைக்கு நாந்தான் ரிப்போர்ட் குடுத்தேன். அது பிழையான ரிப்போர்ட்டு," என்றேன்.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க? மெசின் காட்டினதத்தான குடுத்தீங்க," என்றான் அவன். தேத்தண்ணி போட எழுந்தான்.

"மெஷின் ஒண்ணும் தப்பாக் காட்டல. யாரும் சரியாப் பாக்கல," என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், அப்படியே கிடந்துகொண்டு பேசினாள்.

"நீங்கதான சொன்னீங்க, ஒண்ணும் இல்லேன்னு."

"ஆமா."

"என் கண்ணப் பாத்துக்கிட்டே சொன்னீங்க."

தேத்தண்ணி வந்தது. குடிக்காமல் எழுந்தால் அவமதிப்பு என்று குடித்தேன். சீனி கூடுதலாகப் போட்டிருந்தான், விருந்தாளிக்கு.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. மறுநாள் டொக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். பேராதனைப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய டொக்டரையும் புது டொக்டரையும் நான்கு வார்த்தை திட்டுவார், எனக்கும் மனம் லேசாகும் என்று ஒரு எதிர்பார்ப்பு.

"மஞ்சள் கண்ணைக் கண்டனீரோ?" என்று கேட்டார்.

"கண்டேன் டொக்டர்."

"கடிதத்தை வாசிச்சனீரோ?"

"இல்ல."

"பிறகு அவையளைப் பற்றி ஏன் எனக்குச் சொல்லுறீர்?"

ஃபோனை வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷிக்கு ஈரம் என்பதே கிடையாது என்று இரண்டு நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் புலம்ப ஒன்றும் மிச்சமில்லை.

கோபத்தில் அன்றைக்கே வேலையை எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. இன்னொரு வேலை கிடைக்கும்வரை ஏழு மாதம் அதே மேசையில் இருந்தேன். ஒரு மாற்றம் மட்டும், கடிதங்களை மறுபடி வாசித்தேன். தாளும் கடிதமும் ஒத்துவராவிட்டால் கதவைத் தட்டி உள்ளே போய்ப் புது டொக்டரிடம் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஓ, குட் பொயிண்ட் மிஸ்" என்று சொல்லி இன்னொரு தரம் பார்ப்பார். கெட்டவர் இல்லை. கேட்டால் பார்க்கிறவர். கேட்கத்தான் ஆள் வேண்டும். வரிசை நீள்கிறது என்று பெரிய டொக்டர் இரண்டு முறை எச்சரித்தார்.

நிலையம் இடிந்து விழவில்லை. கடுகண்ணாவை டொக்டர் ஒருவர் நிறுத்திக்கொண்டதால் மூடிப்போகும் அளவில் அது அப்போது இல்லை. இப்போது மூன்று மாடி, உள்ளே லிஃப்ட். புடவைக்கடையைக் காலி செய்து அங்கேயும் ஒரு மெஷின் போட்டிருக்கிறார்களாம். டொக்டரம்மா சேர்த்துவைத்த பேரில் இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்பதே தெரியாது.

நான் இப்போது ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் காணி உறுதிகளும் சத்தியக்கடதாசிகளும் டைப் செய்கிறேன். அவர் அவசரக்காரர். நான் எதையும் முழுதாக வாசித்துவிட்டுத்தான் அடிப்பேன். சில நேரம் ஆளைக் கூப்பிட்டு, இது நீங்கள் சொன்னதுதானா என்றும் கேட்பேன். அதில் அவருக்கு எரிச்சல்.

"நீங்க வாசிக்கிறதுக்கா சம்பளம்? அடிங்கம்மா," என்றார் போன கிழமைகூட.

"வாசிச்சிட்டு அடிக்கிறேன் சார்," என்றேன். வேறு டைப்பிஸ்ட் தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.